அழிந்த புகைப்படங்களும் எஞ்சியிருக்கும் சிறுபடங்களும்

கைத்தொலைபேசியிலோ கணினியிலோ சேர்த்து வைத்திருந்த புகைப்படங்கள் தவறுதலாக அழிக்கப்பட்டுவிட்டன, அவற்றை மீட்டெடுக்க வழி ஏதும் உண்டா என்ற வினா இன்று அநேகமாக ஒவ்வொரு குடும்பத்திலும் ஏதோவொரு நாளில் எழவே செய்கின்றது. இவ்வினாவுக்கு வழமையாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. முறையாகப் பிரதி எடுத்து வைத்திருந்தால் அதிலிருந்து பெற்றுக்கொள்ளலாம் என்பது ஒன்று. மீட்பு மென்பொருள் ஒன்றை இயக்கிப் பார்க்கலாம் என்பது மற்றொன்று. பிரதி எடுத்து வைக்காதவருக்கு முதலாவது பதிலால் பயனேதும் இல்லை. இரண்டாவது வழி இன்றைய கைத்தொலைபேசிகளிலும் புதிய கணினிகளிலும் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. அதிகம் பேசப்படாத மூன்றாவது வழியொன்றும் உள்ளது. மூலப்படம் அழிந்த பின்னரும் அதன் சிறிய பிரதியொன்று கணினியின் ஏதோவொரு மூலையில் எஞ்சியிருப்பதுண்டு. அதனைத் தேடியெடுப்பது எவ்வாறு, எடுத்தபின் அதனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பன பற்றியே இங்கு எழுத விழைகின்றோம்.

எமது மக்களைப் பொறுத்தவரையில் இதனை வெறும் தொழில்நுட்ப விடயமாக ஒதுக்கிவிட முடியாது. இடப்பெயர்வுகளின்போதும், 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஏற்பட்ட ஆழிப்பேரலையின்போதும் வீட்டு அல்பங்களை முற்றாக இழந்த குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளம். உறவினர் வீட்டுச் சுவரில் தொங்கிய படத்தையோ, அடையாள அட்டையில் ஒட்டியிருந்த படத்தையோ கைத்தொலைபேசியால் மீளப் படம்பிடித்து வைத்திருப்பதே இறந்துபோன தாயின் அல்லது காணாமற்போன மகனின் முகத்தைக் காட்டும் ஒரேயொரு சான்றாக இருக்கும் வீடுகள் உண்டு. அத்தகைய படமொன்று பிள்ளைகளின் கைபட்டு அழிந்துபோனால் அதனை மறுபடி எடுக்க எவராலும் முடியாது. அப்போது தபால்தலை அளவான மங்கலான பிரதியொன்று கிடைத்தாலும் அதன் பெறுமதி வேறு.

கோப்புறை ஒன்றைத் திறந்ததும் அதிலுள்ள படங்கள் யாவும் சிறு சதுரங்களாக வரிசையில் தோன்றுவதை எல்லோரும் கண்டிருப்பர். ஒவ்வொரு முறையும் மூலப்படத்தை முழுமையாகத் திறந்து சுருக்கிக் காட்டுவதாயின் நேரம் பிடிக்கும். எனவே கணினியானது முதற்தடவை சுருக்கிய படத்தைத் தனியாகச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த தடவை அதனையே காட்டுகின்றது. சிறுபடம் என்றும் முன்னோட்டப் படம் என்றும் அழைக்கப்படுவது இதுவே. இது இயந்திரம் தனது வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடாகும். படத்தை அழிக்கும்போது மூலக்கோப்பு நீங்குகின்றது. வேறோரிடத்தில் தனிக்கோப்பாக உள்ள சிறுபடம் பல வேளைகளில் அப்படியே விடப்படுகின்றது. நாம் பயன்படுத்திக்கொள்ளக் கூடியது இந்தக் கவனக்குறைவையே.

தேடலைத் தொடங்குவதற்கு முன்னர் சில விடயங்களைக் கூறவேண்டியுள்ளது. படங்கள் அழிந்ததை உணர்ந்தவுடன் அச்சாதனத்தில் புதிதாக எதனையும் எழுதக் கூடாது. கமராவாயின் மெமரி காட்டை உடனே கழற்றி வைத்துவிட வேண்டும். கணினியாயின் மீட்பு மென்பொருளை அதே வன்தட்டில் நிறுவுவது பெருந்தவறு. மெமரி காட்டில் ஒரு படத்தை அழிக்கும்போது படத்தின் தரவுகள் உடனடியாகத் துடைக்கப்படுவதில்லை. பட்டியலில் அக்கோப்பு நீக்கப்பட்டதாகக் குறியிடப்பட்டு, அந்த இடம் வெற்றிடமென அறிவிக்கப்படுகின்றது. புதிய தரவு அவ்விடத்தில் எழுதப்படும் வரையிலேயே பழையது உயிருடன் இருக்கும். பதற்றத்தில் புதிய மென்பொருளைத் தரவிறக்குவோர் தாம் தேடும் படத்தின் மீதே அதனை எழுதிவிடக்கூடும்.

அடுத்ததாக, குப்பைத்தொட்டியைப் பார்க்காமலேயே அலைபவர்கள் பலர். ஐபோனில் அழிக்கப்படும் படம், அண்மையில் அழிக்கப்பட்டவை என்ற பகுதியில் 30 நாட்கள் வரை இருக்கும். கூகுள் போட்டோஸ் செயலியில் இணையத்தில் காப்புப் பிரதி எடுக்கப்பட்ட படமாயின் 60 நாட்களும், அல்லாதவை 30 நாட்களும் குப்பைப் பகுதியில் வைக்கப்படும். சாம்சங் கைத்தொலைபேசிகளின் கலரி செயலிக்கும் இவ்வாறான தொட்டி உண்டு. விண்டோஸ் கணினியின் ரீசைக்கிள் பின் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எனினும், பென்டிரைவிலும் மெமரி காட்டிலும் இருந்து நேரடியாக அழிக்கப்படும் கோப்புகள் பொதுவாக அதற்குள் செல்வதில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மூன்றாவது விடயம் மிக முக்கியமானது. கணினியில் ஏதேனும் கோளாறு என்றவுடன் 'கிளீனர்' எனப்படும் துப்புரவு மென்பொருளை இயக்குவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. விண்டோஸ் இயங்குதளத்தின் சொந்தத் துப்புரவுக் கருவியின் பட்டியலிலும் 'தம்நெயில்ஸ்' என்ற ஒரு வரி உண்டு. அதற்கு எதிரே குறியிட்டு இயக்கினால் சிறுபடக் களஞ்சியம் முழுவதும் ஒரே நொடியில் போய்விடும். கைத்தொலைபேசிகளில் கேஷ் எனப்படும் தற்காலிகச் சேமிப்பைத் துடைக்கும் செயலிகள் செய்வதும் இதனையே. மூலப்படத்தை இழந்தவருக்கு எஞ்சியிருந்த கடைசிப் பிரதியும் இவ்வாறாக அவரது கையாலேயே அழிகின்றது.

இனி விண்டோஸ் கணினியைப் பார்ப்போம். எக்ஸ்பி காலத்தில் படங்கள் உள்ள ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் 'தம்ஸ் டிபி' என்ற மறைகோப்பு ஒன்று உருவாகும். அக்கோப்புறையின் படங்களுக்கான சிறுபடங்கள், அவற்றின் கோப்புப் பெயர்களுடனேயே அதில் இருக்கும். பழைய கணினிகளிலிருந்தும் பழைய இறுவட்டுகளிலிருந்தும் கோப்புறைகளை முழுமையாகப் பிரதி செய்து வைத்திருப்போர் இக்கோப்பைத் தேடிப் பார்க்கலாம். படங்கள் இல்லாமற்போன கோப்புறையில் இந்த ஒரு கோப்பு மட்டும் தனித்திருப்பதுண்டு. இதன் பயன் தெரியாமல் குப்பைக் கோப்பு என்று அழித்துவிட்டவர்கள் எத்தனை பேரோ!

2007 ஜனவரியில் பொதுச்சந்தைக்கு வந்த விஸ்டாவுடன் இந்த ஏற்பாடு மாறியது. அன்று முதல் சிறுபடங்கள் யாவும் பயனாளர் ஒவ்வொருவருக்கும் ஒரேயிடத்தில் திரட்டி வைக்கப்படுகின்றன. பயனாளரின் கோப்புறையினுள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசொப்ட், விண்டோஸ், எக்ஸ்ப்ளோரர் என்று ஒன்றினுள் ஒன்றாகச் சென்றால், 'தம்கேஷ்' என்று தொடங்கும் கோப்புகள் பலவற்றைக் காணலாம். ஆப்டேட்டா மறைகோப்புறை என்பதால், மறைந்துள்ளவற்றைக் காட்டும்படி முதலில் கணினிக்குக் கட்டளையிட வேண்டும். அக்கோப்புகளின் பெயரில் உள்ள 96, 256 முதலிய எண்கள் சிறுபடங்களின் பிக்சல் அளவைக் குறிப்பன. விண்டோஸ் 10 இல் 768, 1280, 1920, 2560 ஆகிய எண்களுடனும் கோப்புகள் உள்ளன. இவை இருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். பெரிய அளவில் பார்க்கப்பட்ட படங்களுக்கு மட்டுமே பெரிய சிறுபடம் இருக்கும். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் 96 உம் 256 உம் நிறைந்திருக்க, மற்றவை அநேகமாக வெறுமையாகவே கிடக்கும்.

இக்களஞ்சியத்தின் இரு இயல்புகள் எமக்குச் சாதகமானவை. மூலப்படத்தை அழித்தாலும் அதன் சிறுபடம் இங்கிருந்து உடனே நீக்கப்படுவதில்லை. அத்துடன், மெமரி காட்டையோ பென்டிரைவையோ கணினியில் செருகி அதிலுள்ள படங்களைச் சிறுபட வரிசையாகப் பார்த்திருந்தாலே போதும், அவற்றின் சிறுபடங்களும் இங்கு சேர்ந்திருக்கக்கூடும். படங்களைக் கணினிக்குப் பிரதி செய்யாமல் வெறுமனே பார்த்தவர்கூட, பின்னர் அந்த மெமரி காட் தொலைந்துபோனால், இவ்விடத்தில் தேடிப்பார்ப்பதற்கு நியாயம் உண்டு. பாதகமான இயல்பும் ஒன்று உண்டு. தம்ஸ் டிபியைப் போலன்றி இங்கு கோப்புப் பெயர்கள் இல்லை. கணினி இட்ட நீண்ட குறியெண் ஒன்றே ஒவ்வொன்றுக்கும் பெயர். ஆயிரக்கணக்கான சிறுபடங்களுக்கிடையில் தேவையானதைக் கண்ணால்தான் தேட வேண்டும். பத்துப் பதினைந்து வருடங்களாக ஒரே கணினியைப் பயன்படுத்தும் குடும்பமாயின் இதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்படலாம்.

இக்கோப்புகளை நேரடியாகத் திறக்க முடியாது. 'தம்கேஷ் வியூவர்' என்ற இலவச மென்பொருள் அவற்றைப் பிரித்து, உள்ளிருக்கும் படங்களைத் தனித்தனிக் கோப்புகளாகத் தரவல்லது. பழைய தம்ஸ் டிபி கோப்புக்கு அதன் சகோதர மென்பொருளான 'தம்ஸ் வியூவர்' உண்டு. எதுவாயினும், முதலில் அக்கோப்புகளை பென்டிரைவ் ஒன்றில் பிரதி செய்துகொண்டு, இன்னொரு கணினியில் அப்பிரதியை ஆராய்வதே பாதுகாப்பானது. அப்பிள் நிறுவனத்தின் மெக் கணினியைப் பயன்படுத்துவோர், போட்டோஸ் மென்பொருளின் நூலகக் கோப்பினைப் பொதியாகத் திறந்து, அதனுள் 'டெரிவேட்டிவ்ஸ்' என்ற கோப்புறையில் தேடலாம்.

கைத்தொலைபேசிகளின் நிலைமை இதைவிடச் சிக்கலானது. 2019 இல் வெளியான அன்ட்ரொய்ட் 10 உடன் சந்தைக்கு வந்த கைத்தொலைபேசிகள் யாவற்றிலும் உள்ளகச் சேமிப்பு மறைகுறியாக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாறான கைத்தொலைபேசியில் அழிக்கப்பட்ட கோப்பினை வெற்றிடத்திலிருந்து துழாவி எடுப்பது நடைமுறையில் இயலாத காரியம். ஐபோனிலும் நிலை அதுவே. 'ஒரே அழுத்தத்தில் அழிந்த படங்கள் அனைத்தும் மீளும்' என்று விளம்பரம் செய்யும் செயலிகள் பல, சேமிப்பில் எஞ்சியிருக்கும் சிறுபடங்களையே பொறுக்கியெடுத்து மீட்கப்பட்ட படங்கள் என்று காட்டுகின்றன. அவற்றில் சில அதற்குப் பணமும் கேட்கின்றன. அவை செய்வதை நாமே செய்துகொள்ளலாம்.

அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசியில் கமரா படங்கள் உள்ள 'டிசிஐஎம்' கோப்புறையினுள், புள்ளியுடன் பெயர் தொடங்கும் 'தம்நெயில்ஸ்' என்ற மறைகோப்புறை பழைய பதிப்புகளில் இருக்கும். பிந்திய பதிப்புகளில் 'பிக்சர்ஸ்' கோப்புறையினுள் இதனைக் காணலாம். கோப்பு முகாமைச் செயலியில் மறைகோப்புகளைக் காட்டும்படி அமைத்தால் அது தென்படும். எண்களையே பெயராகக் கொண்ட ஜேபெக் கோப்புகள் அங்கு இருக்கும். பழைய பதிப்புகளில் இவை பொதுவாக 512 இற்கு 384 பிக்சல் அளவானவை. முகத்தை அடையாளம் காண இந்த அளவு தாராளமாகப் போதும். அதே கோப்புறையில் 'தம்டேட்டா' என்று தொடங்கும் பெரிய கோப்பு இருந்தால், அதில் 96 பிக்சல் சதுரங்களான நுண்படங்கள் அடுக்கப்பட்டிருக்கும். புதிய பதிப்புகள் மூலப்படம் நீங்கியதும் சிறுபடத்தையும் விரைவில் துப்புரவு செய்துவிடுவதால், அதிர்ஷ்டம் ஓரளவுக்குப் பழைய கைத்தொலைபேசிக்காரரின் பக்கமே உள்ளது எனலாம். மேசை இலாச்சியில் கிடக்கும் பழைய கைத்தொலைபேசியை எறிந்துவிடுவதற்கு முன் ஒருமுறை மின்னேற்றிப் பார்ப்பது வீண்போகாது.

சிறுபடத்தைவிடச் சிறந்த இன்னொரு எச்சமும் கைத்தொலைபேசியில் உண்டு. வட்ஸ்அப் மூலம் படமொன்றை அனுப்பும்போது அச்செயலி அதனைச் சுருக்கி அனுப்புகின்றது. அவ்வாறு சுருக்கிய பிரதி, அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசியில் வட்ஸ்அப் படங்களுக்கான கோப்புறையினுள் 'சென்ட்' என்ற உட்கோப்புறையில் தங்கிவிடுகின்றது. கலரியில் இது தோன்றாததால் பலருக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. கனடாவில் இருக்கும் மாமாவுக்கும் இலண்டனில் இருக்கும் அக்காவுக்கும் படங்களை அனுப்பாத குடும்பம் எம்மிடையே ஏது? அனுப்பிய கைத்தொலைபேசியில் இல்லாவிட்டால் பெற்றவரின் கைத்தொலைபேசியில் இருக்கும். தொழில்நுட்ப ஆரவாரம் எதுவுமின்றி ஓர் அழைப்பிலேயே முடிந்துவிடக்கூடிய இவ்வழியை விட்டுவிட்டு மென்பொருள் தேடி அலைவோரைக் காணும்போது வியப்பே மேலிடுகின்றது.

திருமணங்களையும் சாமத்தியச் சடங்குகளையும் படம்பிடிக்கும் தொழில்முறைக் கலைஞர்களுக்கு இவ்விடயம் வேறொரு விதத்தில் முக்கியமானது. அவர்களில் பலர் பயன்படுத்தும் அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் மென்பொருள் 2007 பெப்ரவரியில் முதன்முதலாக வெளியானது. படங்களை அது தன்னுள் வைத்திருப்பதில்லை. படம் எங்கிருக்கின்றது, அதில் என்ன திருத்தம் செய்யப்பட்டது என்ற பதிவேட்டை ஓரிடத்திலும், திரையில் காட்டுவதற்கான முன்னோட்டப் படங்களை 'பிரிவியூஸ்' எனப் பெயர் முடியும் தனிக் கோப்புறையிலும் அது பேணுகின்றது. ஸ்ரூடியோவில் பணிபுரியும் ஒருவர் வன்தட்டில் இடமில்லை என்று மூலக்கோப்புறையை அழித்துவிட்டாலும், லைட்ரூமைத் திறந்தால் படங்கள் முன்போலவே வரிசையாகத் தோன்றும். மூலக்கோப்பு காணப்படவில்லை என்பதற்கான சிறிய குறி மட்டும் ஒவ்வொன்றின் மூலையிலும் இருக்கும்.

அந்த நேரத்தில் எடுக்கும் முடிவே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றது. காணாமற்போன படங்கள் தொல்லையாக இருக்கின்றன என்று எண்ணிப் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கினால் முன்னோட்டப் படங்களும் கைவிட்டுப் போகும். நீக்காமல் விட்டு, மென்பொருளை மூடி, பதிவேட்டையும் முன்னோட்டக் கோப்புறையையும் முழுமையாக வேறொரு வன்தட்டுக்குப் பிரதி செய்துகொள்ள வேண்டும். அதன் பின்னரே மீட்பில் இறங்க வேண்டும். முன்னோட்டங்களிலிருந்து ஜேபெக் படங்களைப் பிரித்தெடுப்பதற்கான சிறு நிரலொன்றை அடோபி நிறுவனமே வெளியிட்டுள்ளது. கிடைக்கும் படத்தின் அளவு, பயன்படுத்துபவர் முன்னர் தெரிவு செய்திருந்த அமைப்பைப் பொறுத்தது. பொதுவாக நீண்ட பக்கம் 1440 பிக்சலோ அதற்கு மேலோ இருக்கும். ஒன்றுக்கு ஒன்று எனப்படும் முழு அளவு முன்னோட்டம் உருவாக்கப்பட்டிருந்தால் ஏறத்தாழ மூலப்படத்தின் அளவிலேயே படம் கிடைக்கும். ஆனால் அமைப்பை மாற்றாதவர்களின் கணினியில் அவை 30 நாட்களில் கழிக்கப்பட்டுவிடும் என்பதால் தாமதிக்கலாகாது.

2013 இல் வெளியான லைட்ரூம் 5 ஆம் பதிப்புடன் 'ஸ்மார்ட் பிரிவியூ' என்ற வசதி அறிமுகமானது. இது நீண்ட பக்கம் 2560 பிக்சல் கொண்டதாகவும், நிறத்தையும் வெளிச்சத்தையும் பின்னரும் திருத்தக்கூடியதாகவும் அமைந்த பிரதியாகும். அதனை முன்கூட்டி உருவாக்கியிருந்த கலைஞர், மூலப்படம் இல்லாமலேயே அல்பத்தின் பெரும்பாலான பக்கங்களை அச்சிட்டுக் கொடுத்துவிட முடியும். பயணத்தின்போது மடிக்கணினியில் வேலை செய்வதற்காக வகுக்கப்பட்ட வசதி இது. எமது பார்வையில், தொழில் செய்வோர் இதனை ஒரு காப்புறுதியாகக் கருதி எல்லாப் படங்களுக்கும் உருவாக்கி வைப்பது புத்திசாலித்தனமானது.

சிறுபடங்கள் வெளியே மட்டுமன்றி, படக்கோப்பின் உள்ளேயும் ஒளிந்திருக்கின்றன. டிஜிட்டல் கமராக்களுக்கான பொது விதிமுறையின்படி ஒவ்வொரு ஜேபெக் கோப்பின் தலைப்பகுதியிலும் 160 இற்கு 120 பிக்சல் அளவான சிறுபடம் ஒன்று பொதிக்கப்படுகின்றது. கமராவின் பின்புறத் திரையில் படங்களை விரைவாகப் புரட்டிப் பார்க்க முடிவது இதனாலேயே. மூலப்படத்தின் பிற்பகுதி வேறு தரவால் மூடப்பட்டுப் பாழாகிவிட்டாலும், முற்பகுதி தப்பியிருந்தால் இந்தச் சிறுபடம் முழுதாக இருக்கும். கிறிஸ்டொப் கிரெனியே என்பவர் எழுதிய போட்டோரெக் என்ற இலவச மீட்பு மென்பொருள் இதனைப் பயன்படுத்துகின்றது. கோப்புப் பட்டியலைப் பொருட்படுத்தாது, ஜேபெக் கோப்புகளின் தொடக்க அடையாளத்தைத் தேடி மெமரி காட் முழுவதையும் அது துழாவும். அதன் விளைபொருள்களில் 'டி' என்ற ஆங்கில எழுத்துடன் தொடங்கும் பெயருள்ள கோப்புகள் இவ்வாறு உள்ளிருந்து எடுக்கப்பட்ட சிறுபடங்களாகும். மிகச் சிறியன என்று அவற்றை மொத்தமாக அழித்துவிடுவோர் உண்டு. அதற்கு முன், அவற்றுக்கு இணையான பெரிய படங்கள் யாவும் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கெனன், நிக்கொன் கமராக்களில் ரோ வடிவில் எடுப்போருக்கு நல்ல செய்தியொன்று உண்டு. கெனனின் சீஆர்2 கோப்பிலும் நிக்கொனின் என்இஎப் கோப்பிலும் முழு அளவான ஜேபெக் முன்னோட்டமே உள்ளே பொதிந்திருக்கும். மீட்கப்பட்ட ரோ கோப்பு பழுதடைந்து திறக்க மறுத்தாலும், பில் ஹார்வி என்பவர் எழுதிய எக்சிப்டூல் என்ற இலவசக் கருவியைக் கொண்டு அந்த முன்னோட்டத்தைத் தனியாக உருவியெடுக்க முடிவதுண்டு.

சரி, கிடைத்த படத்தால் என்ன செய்யலாம்? 12 மெகாபிக்சல் படமொன்றில் 4000 இற்கு 3000 என்ற கணக்கில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 160 இற்கு 120 சிறுபடத்தில் இருப்பவை 19,200 மட்டுமே. 625 இல் ஒரு பங்கு! தரமான தாளில் அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவையெனக் கொண்டால், 256 பிக்சல் படம் 2 சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டும். 512 பிக்சல் படம் 4.3 சென்ரிமீற்றர் வரும். 1440 பிக்சல் முன்னோட்டம் 12 சென்ரிமீற்றர் வரும். 2560 பிக்சல் பிரதி 21 சென்ரிமீற்றரையும் கடக்கும். பத்திரிகைத் தாளுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. அங்குலத்துக்கு 150 புள்ளிகள் என்று வைத்துக்கொண்டால், நிமிர்ந்த நிலையிலுள்ள 256 பிக்சல் சிறுபடமானது 4.3 சென்ரிமீற்றர் உயரமும் 3.2 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டதாக அச்சாகும். நினைவஞ்சலி அறிவித்தலில் ஒற்றைப் பத்திக்குள் இடும் படத்தின் அளவு ஏறத்தாழ இதுவே. வேறு படமில்லை என்று முகமில்லாமலேயே அறிவித்தல் கொடுக்க எண்ணுவோர் இதனைக் கவனத்திற் கொள்வார்களாக.

சிறுபடம் போதாது, அதனைப் பெரிதாக்க வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. செயற்கை நுண்ணறிவின் துணையுடன் மங்கலான படத்தை நொடியில் கூர்மையாக்கித் தரும் செயலிகள் இன்று பெருகிவிட்டன. இங்கேதான் எச்சரிக்கை அவசியமாகின்றது. இல்லாத புள்ளிகளை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. தான் முன்னர் கற்ற இலட்சக்கணக்கான முகங்களை வைத்து ஊகித்து நிரப்பவே முடியும். 2020 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'பல்ஸ்' என்ற முறையிடம், அந்நாட்டின் முன்னாள் ஜனாதிபதி பராக் ஒபாமாவின் மிகச் சிறிய படத்தைக் கொடுத்தபோது அது தெளிவானதொரு வெள்ளையரின் முகத்தைத் திருப்பிக் கொடுத்தது. உலகம் முழுவதும் அறிந்த முகத்துக்கே இந்தக் கதியென்றால், எமது ஊரில் ஒரு தாயின் முகம் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மூக்கின் அமைப்பும், நெற்றிப் பொட்டின் இடமும், சிரிக்கும்போது விழும் சுருக்கமும் சற்று மாறினாலும் அது அவரல்ல. பேரப்பிள்ளைகள் அம்முகத்தையே பாட்டியின் முகமென்று நம்பி வளர்வர். பெரிதாக்குவதாயின் புள்ளிகளைச் சமமாக விரிக்கும் சாதாரண முறையே போதும். மங்கலாக இருந்தாலும் பொய் இருக்காது. காணாமற்போனோர் தொடர்பான முறைப்பாடுகளுக்கும் வேறெந்த உத்தியோகபூர்வத் தேவைக்கும் செயற்கையாகக் கூர்மையாக்கிய படத்தை ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

இவ்வசதிக்கு மறுபக்கமும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. நாம் மீட்க விரும்பும் படம் எஞ்சியிருப்பது போலவே, நாம் அழிக்க விரும்பிய படமும் எஞ்சியிருக்கின்றது. 2003 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் தமது படத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்து இணையத்தில் வெளியிட்டார். வெட்டப்படாத முழுப்படத்தின் சிறுபடம் அக்கோப்பினுள்ளேயே இருந்ததைப் பிறர் கண்டுபிடித்துப் பரப்பியதால் அவர் பெரும் சங்கடத்துக்கு ஆளானார். வெட்டுவதற்குப் பயன்பட்ட மென்பொருள் உள்ளிருந்த சிறுபடத்தை மாற்றாமல் விட்டதே அதற்குக் காரணம். கணினிக் குற்றங்களை விசாரிக்கும் நிபுணர்கள் சிறுபடக் களஞ்சியத்தை முதலில் தேடுவதும் இந்த இயல்பைக் கருதியே.

பழைய கணினியை விற்பவர்களும், கைத்தொலைபேசியைத் திருத்தக் கொடுப்பவர்களும், குறிப்பாகப் பெண்பிள்ளைகள் உள்ள வீட்டார், இதனை மனதிற் கொள்ள வேண்டியவர்களாவர். படங்களை மட்டும் அழித்துவிட்டுக் கணினியைக் கைமாற்றினால் அவற்றின் சிறுபடங்களும் சேர்ந்தே கைமாறுகின்றன. அச்சந்தர்ப்பத்தில் மேலே நாம் தவிர்க்கச் சொன்ன துப்புரவுக் கருவியைக்கூடப் போதுமானதாகக் கொள்ள முடியாது. கைத்தொலைபேசியாயின் தொழிற்சாலை நிலைக்கு முழுமையாக மீட்டமைத்தும், கணினியாயின் வன்தட்டு முழுவதையும் மேலெழுதித் துடைத்தும் கொடுக்க வேண்டும். அழிந்த படங்களை மீட்டுத்தருமாறு வெளியாரிடம் சாதனத்தை ஒப்படைப்பவர்கள், அதிலுள்ள ஏனைய படங்கள் யாவும் அவரது பார்வைக்கு வருகின்றன என்பதை அறிந்தே கொடுக்க வேண்டும். சிறுபடக் கோப்புறையை மட்டும் பென்டிரைவில் பிரதி செய்து கொடுத்தால் அவர் பார்க்கக் கூடியவை ஓரளவு மட்டுப்படும். இயலுமாயின் வீட்டிலேயே, கணினி அறிந்த பிள்ளையொன்றின் உதவியுடன் இதனைச் செய்துகொள்வதே மேல்.

மீட்டெடுத்த சிறுபடத்தை எவ்வாறு பேணுவது என்பதையும் குறிப்பிட வேண்டும். விண்டோஸ் களஞ்சியத்திலிருந்து வரும் படத்தில் எடுக்கப்பட்ட திகதியும் இடமும் இருக்காது. படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, எங்கு எடுக்கப்பட்டது என்பதை அறிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கோப்பின் பெயரில் எழுதி வைக்க வேண்டும். வட்ஸ்அப் வழியாக அதனை உறவினருக்கு அனுப்பினால் மறுபடியும் சுருக்கப்பட்டு, உள்ள சிறிதளவு தெளிவும் குறையும். மின்னஞ்சலில் இணைப்பாகவோ, வட்ஸ்அப்பிலேயே 'டொகியுமென்ட்' என்ற வகையிலோ அனுப்பினால் கோப்பு மாறாமல் போய்ச்சேரும். திருத்தியோ பெரிதாக்கியோ எடுக்கும் பிரதிக்கு வேறு பெயர் இட்டு, களஞ்சியத்திலிருந்து வந்த முதற்பிரதியைத் தொடாமல் இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும்.